ஹால் சாவி

"சாவியை இவங்க கையில கொடுக்கக் கூடாது. என் கருத்துன்னு எழுதிக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேஜையைச் சுற்றியிருந்த மற்ற அதிகாரிகளின் முகம் சுருங்கியது. வக்கீல் மட்டும் அசையவில்லை. இந்த மனுஷன் இப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேதான் வந்திருந்தாள்.

வக்கீல் என்பது பட்டப்பெயர். வேலை என்னவோ சலவைக் கடையில் இஸ்திரி போடுவது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கக் குடியிருப்பில் இருப்பவர்கள் வேறு மொழி பேசுகிறவர்கள், பிழைக்க வந்து தங்கிவிட்டவர்கள். அவர்களில் எந்த ஆபீஸ் படியேறினாலும் குரல் நடுங்காமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அதனால் அந்தப் பெயர்.

இன்றைய கூட்டமும் அவள் நடையாய் நடந்து கூட்டியதுதான். நகராட்சி, பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், காவல் நிலையம் நான்கும் ஒரே மேஜைக்கு வந்திருந்தன. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகராட்சியின் பழைய ஹாலைச் சாயங்காலத்தில் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிட வேண்டும்.

குடியிருப்பில் வீட்டுக்கு ஓர் அறை. இரவு ஷிப்டுக்குப் போகும் அப்பா சாயங்காலம் அதில்தான் தூங்குவார். விளக்குப் போட முடியாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கடைத்தெருவில், பூட்டிய கடைகளின் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தார்கள். கும்பலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது போன் செய்வார்கள். போலீஸ் வந்து கிளப்பிவிடும். அவளுடைய தம்பி புத்தகமும் கையுமாக ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறான். அதோடு அவனுக்கு வெறுத்துவிட்டது. இனிமேல் படிப்பு வேண்டாம், அக்காவோடு இஸ்திரி போட வந்துவிடுகிறேன் என்கிறான்.

நகராட்சி கமிஷனர் தங்கமான மனுஷர். ஹாலைத் தாராளமாகத் தரலாம் என்றார். இளைஞர்களே திறக்கட்டும், இளைஞர்களே பூட்டட்டும், அப்போதுதான் தங்கள் இடம் என்ற எண்ணம் வரும் என்றார். உள்ளே இருக்கிற சாமான்களுக்குச் சாவி வாங்குகிறவரே பொறுப்பு என்று ஒரு கையெழுத்து மட்டும் போதும். தலைமையாசிரியை வரவேற்றார். சுகாதார அதிகாரி அதற்கும் ஒரு படி மேலே போய்க் கை தட்டினார். நம்பிக்கை என்ற சொல் மேஜையை மூன்று தடவை சுற்றி வந்தது.

மேஜை நடுவில் சாவி தயாராக இருந்தது, சிவப்பு ரிப்பன் கட்டி. கைமாறும்போது படம் எடுக்க வெளியே ஒரு போட்டோக்காரர் காத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் குறுக்கே விழுந்தார்.

"ஏன் சார், எங்க பசங்க திருடிடுவாங்களா?" வக்கீல் நேராகவே கேட்டாள்.

"நான் அப்படிச் சொல்லலை."

"வேற எப்படி எடுத்துக்கறது? அவங்க மூணு பேரும் நம்பறாங்க. உங்களுக்குத்தான் மனசு வரலை."

காலம் மாறிவிட்டது, நாமும் கொஞ்சம் மாறலாமே என்று தலைமையாசிரியை இன்ஸ்பெக்டரிடம் இதமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தண்ணீர் குடித்தார்.

"கையெழுத்து நான் போடறேன்" என்றாள் வக்கீல். "என் பேர்லயே சாவியைக் கொடுங்க. என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேன். ஹால் கிடைக்காம இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"யாரும்மா உன்னை எழுந்திருக்கச் சொன்னா?"

சொல்லிவிட்டு அவர் கமிஷனர் பக்கம் திரும்பினார். பகலில் ஹால் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். வாட்ச்மேனிடம் என்றார் கமிஷனர். அப்படியானால் அவரே சாயங்காலமும் திறக்கலாமே? கூடுதல் நேரத்துக்கு ஆள் போட விதியில் இடமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் ஆசிரியர்? மணி அடித்தபிறகு யாரையும் இருக்கச் சொல்ல முடியாது என்றார் தலைமையாசிரியை. சுகாதார நிலையம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார் சுகாதார அதிகாரி.

"ஆக, கையெழுத்துப் போட இந்தப் பொண்ணு ஒருத்திதான் இருக்கா" என்றார் இன்ஸ்பெக்டர்.

கமிஷனர் தொண்டையைச் செருமினார். இதையெல்லாம் அப்படிப் பார்க்கக் கூடாது என்றார். எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது. "சுத்தி வளைக்காதீங்க சார். சாவி எங்க கைக்கு வரக் கூடாதுன்னா ஹாலை யார் திறப்பாங்க? அதைச் சொல்லிட்டு மறுப்பு சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டிச் சாவியை எடுத்தார். ரிப்பனை அவிழ்த்து கமிஷனர் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு அந்த ஹால்ல ஒரு ஃபேன் காணாமப் போகும். இல்லை, ஒரு கண்ணாடி உடையும். யார் செஞ்சாங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சாவி யார் கையிலன்னுதான் கேப்பாங்க. அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பறது நான்தானே, எனக்குத் தெரியாதா?"

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஹாலுக்குப் பின்னாலதான் என் குவார்ட்டர்ஸ். தினம் நான் திறந்து விடறேன். எனக்கு டியூட்டின்னா வீட்டுக்காரி திறப்பா. கையெழுத்து என்னோடது. ஃபேன் காணாமப் போனா முதல்ல என் வீட்ல வந்து தேடட்டும்."