அந்த நிறம்

துனிஸ் நகரத்துப் பேராசிரியர் நௌஃபல் கதவைத் திறந்தார். வாசலில் நின்ற கைஸை மேலும் கீழும் பார்த்தார். படாரென்று சாத்தினார்.

“அந்த நிறம் என் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது!”

மகள் எம்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைப் பெண் கேட்க வந்திருந்த கைஸ் தெற்குச் சீமைக்காரன், நல்ல கறுப்பு.

“பாபா, நீங்களா இப்படிப் பேசறீங்க? பாகுபாடு ஏன் தப்புன்னு காலேஜ்ல வருஷக்கணக்காப் பாடம் நடத்தறவராச்சே!”

“அதையேதான் இப்பவும் சொல்றேன். பிறப்பால வந்ததை யாராலயும் மாத்திக்க முடியாது. அதை வச்சு ஒருத்தனை ஒதுக்கினா தப்பு. இவன் தானா விரும்பிப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்!”

“எதைப் போட்டுக்கிட்டு?”

எம்னா கதவைத் திறந்தாள். தன் அணி ஜெயித்த குஷியில், சட்டைகூட மாற்றாமல் கால்பந்து மைதானத்திலிருந்து நேரே வந்திருந்தான் கைஸ். பளீரென்ற மஞ்சள் ஜெர்சி! பாபா உயிரையே வைத்திருக்கும் பச்சை அணியைச் சற்றுமுன்தான் துவைத்துக் காயப்போட்ட அணியின் நிறம்.

எம்னா வாசற்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“போய் மாத்திட்டு வா, பேசலாம்” என்றார் நௌஃபல்.

“சட்டையை மாத்தலாம் மாமா, நிறத்தை மாத்த முடியாது. எங்க தாத்தா மஞ்சள், அப்பா மஞ்சள். நான் பிறந்ததும் என்னைச் சுத்தினதே மஞ்சள் கொடியிலதான். இதுவும் எனக்குப் பிறப்பால வந்ததுதானே?”

 பேராசிரியருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“உள்ள வந்து தொலை! ஆனா என் பேரப்பிள்ளைக்குப் பிறப்பால வர்றது பச்சையாத்தான் இருக்கணும்!”