ஐந்தாம் டே ஆர்டர்

அந்தக் கல்லூரியில் பாடவேளைக்குத் திங்கள், செவ்வாய் என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஒன்று முதல் ஆறு வரை டே ஆர்டர்தான். நடுவில் மழை லீவு வந்தால், விட்ட எண்ணிலிருந்து மறுபடி தொடங்கும். அன்றைய எண்ணை வாசல் கரும்பலகையில் எழுதுவார்கள். நாய் செவலை தினமும் வந்து அந்தப் பலகையிடம் கேட்கும்.

“இன்னிக்கு அஞ்சா?”

ஐந்து என்றால் கடைசி வருஷம் படிக்கும் ஜெசிந்தாவுக்கு மதியம் லேப். அன்று மட்டும் மதியம் வீட்டுக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறப்பாள். பாதிச் சோறு செவலைக்கு.

ஏப்ரலில் பலகையைத் துடைத்தார்கள். மறுநாள் எண் எழுதவில்லை. செவலை பதறிப்போனது.

“பரீட்சை, அப்புறம் லீவு. ஜூன்ல ஒண்ணுலேருந்து வரும்” என்றது பலகை.

“அஞ்சும் வருமா?”

“வராம எங்க போகும்?”

அந்தப் பேச்சை நம்பி, கோடை முழுக்கக் குப்பைத்தொட்டியே கதியென்று கிடந்தது செவலை. விலா எலும்பு தெரிந்தது.

ஜூனில் ஐந்து வந்த அன்று விடிந்ததுமே மரத்தடிக்கு ஓடியது. மதியம் லேப் மணி அடித்தது. புதுப் பிள்ளைகள் கூட்டமாகக் கடந்து போனார்கள். ஒருத்தி கல்லெடுத்தாள்.

சாயங்காலம் செவலை பலகையின் முன்னால் வந்து நின்றது.

“அஞ்சு வந்துடுச்சு. அவ வரலையே?”

“எவ?” என்றது பலகை.