நாற்பத்தோராவது மேற்கோள்

ஆய்வுக்கூடச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஆய்வுக் கட்டுரை, கீழே மேசையில் இருந்த மைக்ராஸ்கோப்பிடம் பீற்றிக்கொண்டது: "செல்லை வேகமாகப் பிரிய வைக்கும் வழியைச் சொன்னவன் நான். இதுவரை நாற்பது கட்டுரைகள் என்னை மேற்கோள் காட்டியிருக்கின்றன, தெரியுமா?"

"தெரியுமே. நாற்பதையும் எழுதியது உன்னை எழுதிய அதே டாக்டர் ஹேமலதாதான். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினார்."

கட்டுரை அசரவில்லை. "வெளியாட்களும் எழுதுவார்கள், பார்!"

ஒருநாள் எழுதினார்கள். அவர்கள் எழுதியதை மேசையில் விரித்துப் படித்த ஹேமலதா, முகம் கறுத்து வெளியே போய்விட்டார். மைக்ராஸ்கோப் தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டியது: "ஹேமலதா சொன்னபடியே செய்து பார்த்தோம். ஒரு செல்கூடப் பிரியவில்லை. எல்லாம் செத்துவிட்டன."

"என் பெயரைப் போட்டிருக்கிறார்களா?"

"போட்டிருக்கிறார்கள்."

"அப்படியானால் நாற்பத்தொன்று" என்றது கட்டுரை, சட்டத்துக்குள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து.