திருட்டு எண்

"ஓடாமலே மெடல் வாங்கக் கிளம்பிட்டான் பார், அவனைச் சும்மா விடறதா இல்லை" என்று தண்ணீர் மேசையைத் தோழியின் தலையில் கட்டிவிட்டு, மலைப்பாதையில் விடுவிடுவென்று இறங்கினாள் வக்கீல்.

அவள் இன்னும் வக்கீல் ஆகவில்லை. சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். உப்பு பெறாத விஷயத்துக்கும் சட்டம் பேசுகிறாள் என்று தோழிகள் வைத்த பட்டம். மலை மாரத்தானுக்குத் தொண்டராக வந்த இடத்திலும் அது கூடவே வந்துவிட்டது.

நடந்தது இதுதான்.

உச்சியைத் தொட்டுவிட்டு எல்லோரும் வந்த வழியே திரும்ப வேண்டிய பந்தயம். ஏறும்போதே துணிக்கடை முதலாளி ஒருவர் மேசைக்கு எதிரே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் குத்தியிருந்த பந்தய எண் காகிதத்தைக் கழற்றி மேசை மேல் போட்டார். பின்னாலேயே வந்த டாக்டர் நின்றார். முதுகில் சிவப்புக் கூட்டல் குறியோடு, ஓடுகிறவர்களோடு தானும் ஓடி, விழுகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். புழுதியில் மண்டி போட்டு, முதலாளியின் காலைத் தன் மடியில் வைத்துக் கட்டுப் போட்டார்.

தெய்வம்டி என்று தோழி உருகினாள். வக்கீலுக்கே கண் கலங்கியது.

அந்த டாக்டரின் பின்னாலேயே ரப்பர் செருப்போடு ஓர் ஆள் மூச்சிரைக்க வந்து நின்றான். பந்தயம் என்றால் கூடவே ஓடிப் பார்க்க நாலு பேர் வருவார்கள் இல்லையா, அப்படி ஒருவன் என்றுதான் நினைத்தார்கள். அவன் எதையோ கேட்க, டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேட்டில் ஏறி மறைந்தார். அவன் நகரவில்லை. மேசையையே சுற்றினான். தாகமாக்கும் என்று எண்ணி, இந்தத் தண்ணீர் ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று வக்கீல் விதியை எடுத்துச் சொன்னாள். தலையாட்டிவிட்டுப் போனான்.

கூடவே மேசை மேல் இருந்த எண்ணும் போனது.

முதலாளி ஒற்றைக் காலில் குதித்தார். எண்ணுக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. எவன் அதைக் குத்திக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் முதலாளியே ஓடி முடித்ததாகத்தான் பதிவாகும். நாளைக்கு ஊரே அவரை ஏமாற்றுக்காரன் என்று காறித் துப்பும். "நீ பார்த்துக்கிட்டிருந்த மேசை, நீதான் பதில் சொல்லணும்" என்றார். போன வருஷம் இப்படி ஒரு தில்லுமுல்லு நடந்து, மேசையில் இருந்த பெண்ணையும் உடந்தை என்று கல்லூரிக்குப் புகார் அனுப்பியிருக்கிறார்களாம்.

வக்கீலாகப் போகிறவளுக்குத் திருட்டுக்கு உடந்தை என்று பெயர் வந்தால் எப்படி?

"போய்த் தொலையறான் விடுடி. பாவம், ஒரு மெடலைக் கழுத்துல போட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருப்பான்" என்றாள் தோழி.

"பாவம்னா திருடலாமா? அப்ப, உயிரைக் கொடுத்து ஓடறவங்க எல்லாம் கேணைங்களா?"

உன்னிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் யார் என்று தோழி கும்பிடு போட்டாள்.

பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பஞ்சுப் பொதியாகக் கிடந்தது. ஏறி வந்தவர்களில் பாதிப் பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் எதையும் பார்க்கவில்லை. முதல் கேள்வி என்ன, அதற்கு அவன் என்ன மழுப்புவான், எப்படி மடக்குவது என்று மனசுக்குள்ளேயே விசாரணை நடத்திக்கொண்டு போனாள்.

இரண்டாவது வளைவில், சாலையோர வீட்டு வாசலில் அகப்பட்டான். ஒரு கட்டிலைச் சாலை ஓரம் வரை இழுத்துப் போட்டுவிட்டு, அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டிருந்தான்.

"எங்கே அந்த நம்பர்?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "நான்தாம்மா எடுத்தேன். ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்க. நானே கொண்டாந்து வெச்சுடறேன்."

"ஒரு மணி நேரத்துல ஓடி முடிச்சுடுவீங்களோ? இந்தச் செருப்புலயே?"

அவன் மேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். வக்கீல் விடவில்லை. சில்லைச் சொன்னாள், மோசடியைச் சொன்னாள், போலீஸ் வந்தால் என்ன பிரிவில் வழக்கு என்பது வரை சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"தப்புதாம்மா" என்றான்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "அப்ப எடுங்க" என்று கையை நீட்டினாள்.

அவன் சட்டைப்பைக்குள் கைவிடவில்லை. ஓரமாக நகர்ந்தான்.

கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் விசிலடித்துக்கொண்டு உள்ளே போனது. அவளுடைய நைட்டியின் மேல், நெஞ்சுக்கு நேராக, நாலு மூலைக்கும் ஊக்கு போட்டு அந்த எண் குத்தியிருந்தது.

"என் சம்சாரம்மா. விடிகாலைலேர்ந்து இழுத்துக்கிட்டு இருக்கு. பந்தயம் முடியற வரைக்கும் கீழே எந்த வண்டியையும் விட மாட்டேங்கறாங்க. அந்த டாக்டர் காலைப் பிடிச்சேன். நம்பர் குத்தினவங்களை மட்டும்தான் பார்ப்பேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. திரும்பி இந்த வழியாத்தானே வருவாரு?"

வக்கீலின் நீட்டிய கை அப்படியே நின்றது.

அந்தக் கணவர் குனிந்து அந்தக் காகிதத்தின் சுருக்கத்தை நீவிவிட்டு, வக்கீலின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இது போதுமாம்மா, பெயரும் எழுதணுமா?"