பத்துக்குப் பத்து

"ஐசியூவில் ஒரு படுக்கைதான் காலி. இளைஞருக்கா, முதியவருக்கா? ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்று வகுப்பில் கேட்டது நான்தான். இளைஞருக்கு என்றாள் செல்வரூபி. தடுமாறாமல் பேசியதால் பத்துக்குப் பத்து போட்டேன்.

ஆறு வருடம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். வகுப்புத் தேர்வில் ஒலிப்பதிவான பதிலைத்தான் இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிகளில் குடும்பத்தின் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவள் குரலை அவளுக்கே போட்டுக்காட்டிவிட்டு, அவள் அப்பாவுக்கான படுக்கையை ஓர் இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"ஏம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னே?"

"பெரியவருக்குன்னுதான் மிஸ் சொல்ல நெனச்சேன். காரணம் சொல்ல இங்கிலீஷ் வரல. வயசுப் பையனுக்குன்னா நாலு வரி மனப்பாடமா இருந்துச்சு."

தமிழில் சொல்லட்டுமா என்று அன்று அவள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. கூடாது என்று மேசையைத் தட்டியதும் நான்தான்.