இடாராவின் சனிக்கிழமைச் சமையல்

"உங்கம்மா போய் நாலு மாசம் ஆச்சு. இன்னுமா அவ சமைச்சதைச் சாப்பிடறீங்க?"

"ஆமா அத்தை" என்றாள் ஆறு வயது கம்சி, வரைந்துகொண்டிருந்த படத்திலிருந்து தலையைத் தூக்காமலே.



அத்தை நுவாகா எனுகுவிலிருந்து முந்தின நாள்தான் லாகோஸுக்கு வந்து இறங்கியிருந்தாள். வந்ததே கம்சியைக் கையோடு அழைத்துப் போகத்தான். கம்சியின் அப்பாவான தம்பி ஒபியோராவுக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது. பிள்ளை ரொட்டியைத் தின்று துரும்பாய் இளைத்திருக்கும் என்று நினைத்து வந்தால், கன்னம் இரண்டும் உப்பிப்போய்க் கிடக்கிறது.

நுவாகாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.

ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தாள். இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருந்தன. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து உள்ளே சூப்பைப் பார்த்து ஏமாறாத பிள்ளை லாகோஸில் கிடையாது. அதில் அதிசயமில்லை. மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில்தான் அவள் கண் நின்றது. 'வியாழன், எகுசி' என்று கிழமையும் சூப்பின் பெயரும் இருந்தன. செத்துப்போன தம்பி மனைவி இடாராவின் கையெழுத்து.

"செத்துப்போறதுக்கு முன்னாடி செஞ்சு வெச்சதா இது?"

"இல்லை அத்தை. வெள்ளிக்கிழமைக்குள்ள கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்துடும். சனிக்கிழமை அம்மா மறுபடி நிரப்பிடுவாங்க."

இன்றைக்குச் சனிக்கிழமை. சமையலறைக் கதவு காலையிலிருந்தே சாத்தியிருந்தது.

"அங்கே யாரு இருக்கா?"

"அப்பா. அம்மாவும் பேசிக்கிட்டிருப்பாங்க. நான் போகக் கூடாது, எண்ணெய் தெறிக்கும்."

எட்டு வருஷம் இந்த வீட்டுக்கு வந்து போயும், இடாரா கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை நுவாகா. இடாராவின் ஊரான ஊயோ பக்கத்துப் பெண்கள் சூப்பில் எதையோ கலந்து ஆம்பிளையைக் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று அத்தைமார் எப்போதோ ஓதியதுதான் காரணம். நல்ல சாப்பாட்டைக் கண்டால் மருந்து என்று சொல்ல நாலு பேர் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அவள் அதை நம்பினாள். செத்தும் விடாமல் சமைக்கிறாளே என்று இப்போது பயந்தாள்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"அவசரப்படாதீங்க கம்சி அப்பா. கீரையைக் கடைசியிலதான் போடணும்."

இடாராவின் குரல். அதே இழுப்பு, அதே மூச்சிரைப்பு.

நுவாகா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.  ஓடிவிடத்தான் நினைத்தாள். பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறதே என்ற நினைப்புதான் அவளைக் கதவைத் தள்ள வைத்தது.

ஒபியோரா மட்டும்தான் இருந்தான். அடுப்பில் மூன்று பெரிய பானைகள். முழங்கை வரை பனை எண்ணெய். உப்பு டின்னில் சாய்த்து வைத்த ஃபோன் பேசிக்கொண்டிருந்தது.

"கறி மொத்தத்தையும் ஒரே தடவையில வேகவெச்சிட்டீங்களா? அந்தத் தண்ணிதான் மூணு சூப்புக்கும். கொட்டிடாதீங்க. நல்லா ஆறினப்புறம் மூடி போடுங்க, இல்லைன்னா புளிச்சிடும்."

நுவாகா ஃபோனைக் காட்டினாள். "என்னடா இது?"

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஃபோன்ல பேசிப் பதிஞ்சு வெச்சிட்டுப் போயிட்டாக்கா. பன்னிரண்டு பாடம். ஒண்ணு உருப்படியா வந்தாத்தான் அடுத்ததைக் கேக்கணும்னு சத்தியம் வாங்கிட்டா. நடுவுல நாலஞ்சு வாரம் பானை கருகிச்சு. இன்னைக்குத்தான் கடைசிப் பாடத்துக்கு வந்திருக்கேன்."

"டப்பா மேல அவ கையெழுத்து?"

"பழைய மூடிதான். கழுவறப்போ அந்தக் காகிதத்தைத் தண்ணி படாம பாத்துக்கறேன்."

"பிள்ளைகிட்ட அம்மாதான் சமைக்கறான்னு சொன்னியா?"

"நான் சொல்லலை. குரலைக் கேட்டு அதுவே சொல்லுது. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலைக்கா."

பயம் போன இடத்தில் நுவாகாவுக்குக் கோபம் வந்தது.

"செத்தவளை வெச்சுக் குடும்பம் நடத்தற நீ. பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போகும். அதோட துணிமணியை எடுத்து வை. இன்னைக்கே நான் கூட்டிட்டுப் போறேன்."

ஒபியோரா கரண்டியைப் பிடித்தபடி நின்றான். கண் கலங்கிவிட்டது. 

கடைசிப் பாடம் முடிந்து, ஃபோனில் இன்னொரு பதிவு தானாக ஓட ஆரம்பித்தது.

"அக்கா வந்துட்டாங்களா?"

நுவாகா ஃபோனைத் திரும்பிப் பார்த்தாள். 

"வரலைன்னாலும் வருவாங்க. பிள்ளையைக் கேப்பாங்க. சண்டை போடாதீங்க."

நீளமாக ஒரு இருமல். ஒபியோரா ஃபோனை நிறுத்தக் கை நீட்டினான். எண்ணெயில் விரல் வழுக்கியது.

"உங்க ஊர் கசப்புக்கீரை சூப்பை மட்டும் நான் சொல்லித் தரலை, கவனிச்சீங்களா? இனிமே ஞாயித்துக்கிழமை டப்பாவைக் காலியா வைங்க. இடாராவுக்குக் கசப்பெடுக்கத் தெரியாது, நீங்கதான் செஞ்சு தரணும்னு அக்காகிட்ட சொல்லுங்க. வாராவாரம் எனுகுவிலேர்ந்து வர முடியுமா? இங்கேயே இருந்துடுவாங்க. பிள்ளையும் நம்ம வீட்டிலேயே இருக்கும்."

 பிறகு குரல் தணிந்தது, ரகசியம் சொல்வதுபோல.

"எனக்கு அந்தச் சூப்பு நல்லாவே வரும். அதை மட்டும் அக்காகிட்ட சொல்லிடாதீங்க."