சிறப்பு விருந்தினர் கையால்

ரிப்பன் கட்டியாகிவிட்டது. கத்தரிக்கோல் தட்டில் தயார். சிறப்பு விருந்தினர் மட்டும் பாடி மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் எழிலரசியால் தன் குழந்தைக்குப் பால் கொடுக்க முடியவில்லை.

சம்பந்தம் இருக்கிறது. அம்பத்தூரில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில் அன்று ‘தாயும் சேயும் ஒரே அறையில்’ பிரிவுக்குத் திறப்பு விழா. பிறந்த குழந்தையை இனி தாயிடமிருந்து பிரிக்கவே மாட்டார்களாம். நர்சரியிலிருந்து கொண்டுவரும் குழந்தையைச் சிறப்பு விருந்தினர் தன் கையால் தாயிடம் கொடுத்துத் தொடங்கி வைப்பார். கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பிரித்து வைக்க வேண்டும் அல்லவா? காலையிலேயே பிரித்துவிட்டார்கள்.

எழிலரசியைத் தேர்ந்தெடுத்தவர் டாக்டர் சம்பத். அந்த வாரம் அங்கே சுகப்பிரசவம் ஆனது அவளுக்கு மட்டும்தான். மற்றவர்களால் சிசேரியன் தையலோடு எழுந்து உட்கார்ந்து சிரிக்க முடியாது.

தலை சீவி, பூ வைத்து, பட்டுப்புடவை கட்டி, பலூன்களுக்கு நடுவே அவளைப் புதுக்கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள்.

பிரசவமானதிலிருந்து அவளுக்குப் பால் சுரக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி அதை ஊர்ப் பிரச்சினை ஆக்கிவிட்டார்கள். நானெல்லாம் ஒரு அம்மாவா என்று போர்வைக்குள் அழுதாள். இன்று காலை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான், பால் சுரந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் நர்சரி. குழந்தை வீறிடும்போதெல்லாம் இங்கே அவள் ரவிக்கை நனைந்தது. நர்ஸ் லாவண்யா ஒரு துண்டை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். போட்டோவில் ஈரம் தெரியக்கூடாது என்று உத்தரவு.

“சிஸ்டர், கொயந்த அய்வுது. ஒரே ஒரு தபா குடுத்துட்டு வந்துர்றேனே.”

லாவண்யா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அஞ்சு நிமிஷம்மா. சார் வந்துடுவார்.”

அந்த ஐந்து நிமிஷம் மதியம் வரை நீண்டது.

ஒருவழியாகத் தொழிலதிபர் சுப்பராயனின் கார் வாசலில் வந்து நின்றது. டாக்டர் லாவண்யாவின் காதில் ஏதோ சொல்ல, அவள் நர்சரிக்குள் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

பொன்னாடை, ரிப்பன், கைதட்டல். டாக்டர் தாய்மையைப் பற்றிப் பேசினார். சுப்பராயன் தன் தாயாரைப் பற்றிக் கொஞ்சமும் தன் கம்பெனியைப் பற்றி நிறையவும் பேசினார். எழிலரசி எதையும் கேட்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை வந்தது. சுப்பராயன் அதைக் கோப்பை வாங்கியவர் போலத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டிவிட்டு அவளிடம் கொடுத்தார்.

“பாத்தீங்களா! அம்மா கை பட்டதும் எவ்வளவு அமைதி!” என்றார் டாக்டர் மைக்கில். மறுபடியும் கைதட்டல்.

எழிலரசி முந்தானையை இழுத்து மூடிக் குழந்தையை மார்போடு அணைத்தாள். அது வாய் திறக்கவில்லை. மீண்டும் வைத்துப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு ஏப்பம் விட்டது. கடைவாயில் வெள்ளையாக வழிந்ததை விரலில் தொட்டு முகர்ந்தாள்.

லாவண்யா தலையணையைச் சரிசெய்வது போலக் குனிந்தாள்.

“மன்னிச்சிடுக்கா. ஃபங்ஷன்ல அழக்கூடாதுன்னு டாக்டர்தான் புட்டிப்பால் குடுக்கச் சொன்னாரு.”

எழிலரசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஆனந்தக் கண்ணீர்!” என்று அறிவித்தார் டாக்டர். “தம்பி, கேமராவ கிட்ட கொண்டு வாப்பா.”